உன் கதைக்கு மணி அடித்தார்கள், மச்சான்

என் அன்பு மச்சான் றபீக்,

மண்ணுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் ஸலாம் சொல்லும்படி நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். சொல்லிக்கொள்கிறேன். இனிச் செய்தி.

நாம் இருவரும் சேர்ந்து எழுதிய திரைக்கதை இறுதிச் சுற்றுக்குத் தெரிவாகியிருக்கிறது. கொழும்பிலுள்ள தயாரிப்பாளரின் உதவியாளரான பெண்பிள்ளை இன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு தொலைபேசியில் அறிவித்தாள். என் நிருபர் பழக்கப்படி மறுபடியும் சொல்லச் சொன்னேன், சொன்னாள். எழுத்தில் தரச் சொன்னேன், மின்னஞ்சலும் வந்துவிட்டது. அதில் உன் பெயர் முதலாவதாகவும் என் பெயர் அடுத்ததாகவும் இருக்கிறது. ஆகவே உறுதியான செய்தியாகவே தருகிறேன்.

கூடவே ஒரு நிபந்தனையும் வந்திருக்கிறது. படத்தில் வீட்டைவிட்டு வெளியே போகிறவர் கணவனாக இருக்கக்கூடாதாம். மனைவியாக இருக்க வேண்டுமாம். மாற்றிக்கொடுத்தால் படம். மாற்றாவிட்டால் இல்லை.

நீ இருந்திருந்தால் இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் மீது கோபமாக இருக்கிறேன். உன் மீதும் கோபமாக இருக்கிறேன், அதற்குக் காரணம் வேறு. இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன், கேள்.

இதை வெளியூரில் வாசிப்பவர்களுக்காக ஒன்றை விளக்க வேண்டும், பொறுத்துக்கொள். கல்முனைக் கரையில் எங்கள் வீடுகள் பெண்பிள்ளைகளுக்கு உரியவை. கலியாணத்தோடு வீடு மகளின் பெயருக்குப் போகும். மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். மருதமுனையில் நான் இருப்பது என் மனைவியின் வீடு. கல்முனைக்குடியில் நீ இருந்தது என் தங்கை பரீதாவின் வீடு; அவளுக்கு நான் காக்கா, அதாவது அண்ணன். பிரிவு என்று வந்தால் வெளியே போகிறவன் ஆண்தான். "நம்மட பெயருக்குப் பள்ளிவாசல்ல ஒரு பதிவும் மையவாடியில ஒரு குழியும்தான் மச்சான் கிடக்கு" என்று சொல்லித் திரிந்தவன் நீ.

நீயும் பரீதாவும் பிரிந்தபோது அந்த வீட்டில் உன்னுடையது என்று நீ சொல்லி எடுத்தது ஒரு ஸ்டாண்ட் மின்விசிறியை மட்டும். அதை மோட்டார் சைக்கிளின் பின்னால் நிமிர்த்திக் கட்டிக்கொண்டு, பட்டப்பகலில், உன் வீடியோக் கடையின் பின்னறைக்குப் போனாய். வழியெல்லாம் ஆட்கள் கேட்டார்கள்: "என்ன றபீக் காக்கா, ஃபேன் பழுதா?" நீ எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாய்: "ஓம், திருத்தக் கொண்டுபோறன்." பின்னால் எதிர்க்காற்றில் அந்த மின்விசிறி நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்தக் காட்சிக்காகத்தான் மிச்சக் கதை முழுவதையும் எழுதினோம். உன் எழுத்தில் அது இப்படித் தொடங்கும்: மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறாள். தாழ்ப்பாள் விழும் சத்தம். கணவன் தனியாக முற்றத்தில் நின்று கயிறு கட்டுகிறான். முடிச்சு இரண்டுதரம் அவிழ்கிறது. நான் அதில் ஓர் எழுத்தையும் தொடவில்லை. அனுபவித்தவன் நீயல்லவா?

ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கதைத்தபோதும் இதைத்தான் கேட்டாய். "நீ கொண்டுபோ மச்சான். உன்ட வாய்க்குக் கேப்பானுகள்." கொண்டுபோனேன். எப்படிக் கேட்டார்கள் என்று சொல்கிறேன்.

கல்முனைப் பிரதான வீதியில், நீ எத்தனையோ கலியாணங்களைப் படம்பிடித்த அதே மண்டபம். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் "திரைத்துறை வலையமைப்பு ஒன்றுகூடல்" என்று பதாகை. வாசலில் பெயர் பதிந்த பிள்ளை என் தோளில் தொங்கிய பையைப் பார்த்துவிட்டு, "பிரஸ்ஸா சேர்? பிரஸ் அந்தப் பக்கம்" என்றாள்.

"இல்ல மகள். நான் கதை எழுதின ஆள்."

அவள் என் நரைத்த தாடியைப் பார்த்தாள். பிறகு பெட்டிக்குள் தேடி ஓர் அட்டையை எடுத்து என் கழுத்தில் மாட்டிவிட்டாள். "வளர்ந்துவரும் திரைக்கதையாசிரியர்" என்று அதில் இருந்தது.

எழுத்தாளர்களுக்கு மஞ்சள் நாடா, தயாரிப்பாளர்களுக்கு நீலம். உள்ளே ஒருவரும் ஒருவரின் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் நாடாவின் நிறம். நீலமாக இருந்தால்தான் கண் மேலே ஏறியது. அமைச்சர்மாரின் வீட்டு வாசலில் வேலை கேட்டு நின்றவர்களைப் பற்றி எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அந்தக் கண்களை அங்கே மறுபடியும் கண்டேன். கண்ணாடி இருந்திருந்தால் என்னிடமும் கண்டிருப்பேன்.

மாளிகைக்காட்டில் தோணி கரைக்கு வந்ததும் வியாபாரிகள் மீன்பெட்டியைச் சுற்றி நிற்பார்கள். அங்கே மீனாவது வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடக்கும். இந்த மண்டபத்தில் மீனே எழுந்து நின்று தன்னை விற்க வேண்டியிருந்தது. அதற்கு ஆளுக்குக் கொஞ்ச நேரம். நேரம் முடிந்தால் மணி அடிப்பார்கள். எழுந்து அடுத்த மேசைக்குப் போக வேண்டும்.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் தம்பிலுவில்லைச் சேர்ந்த தேவராசா என்ற ஆசிரியர் இருந்தார். இப்படியான கூட்டங்களுக்குப் பழகிய ஆள். என் கட்டுக் கடதாசியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உங்கட கதையில வெடிச்சத்தம் இருக்கா?"

"இல்லை."

"கடல் ஊருக்குள்ள வருதா?"

"இல்லை."

"பொம்பளையள் அழுறாங்களா?"

"ஒருத்தரும் அழல்ல. ஒரு ஆள் ஃபேனைக் கட்டிக்கொண்டு போறார்."

அவர் தன் கையிலிருந்த ரோல்ஸில் பாதியைப் பிய்த்து என்னிடம் தந்தார். "அப்ப சாப்பிட்டுட்டுப் போங்க காக்கா. அதுதான் லாபம்."

அவருடைய முறை எனக்கு முன்னால் வந்தது. போய் உட்கார்ந்தார், பேசினார், மணி அடித்தது, வந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "யாழ்ப்பாணத் தமிழில எழுதினா நல்லாயிருக்குமாம். ஆட்களுக்கு அதுதான் இலங்கைத் தமிழாம்" என்றார். மிச்ச ரோல்ஸையும் தின்றுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

பிறகு என் முறை. தயாரிப்பாளர் கொழும்பில் பிறந்து சென்னையில் வேலை பழகியவர். அவருடைய தமிழும் அங்கேயே பழகியிருந்தது. எழுந்து கைகொடுத்தார், நாற்காலியைக் காட்டினார், நல்ல மரியாதை. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

"ஒன்லைன் சொல்லுங்க சார்."

சொன்னேன். மனைவியைப் பிரிந்து வீட்டைவிட்டுப் போகும் ஒருவன், தான் போவதை ஊர் அறியக்கூடாது என்பதற்காக, பழுதாகாத மின்விசிறியைத் திருத்தக் கொண்டுபோவதாகச் சொல்லிக்கொண்டு போகிறான்.

"ஏன் சார் அவன் போறான்? அவன் வீடுதானே?"

"இல்லை. அது அவளுடைய வீடு. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு."

"அது சரி. ஆனா ஆடியன்ஸுக்கு அது புரியாதே. நீங்க ஒண்ணு பண்ணுங்க. பொண்ணை வெளிய அனுப்புங்க. ராத்திரி, மழை, கையில ஒரு குழந்தை. இவன் கதவைச் சாத்துறான். ஒரு முஸ்லிம் பொண்ணு நடுத்தெருவுல நிக்கிறா. வெளிநாட்டு விழாவுல எழுந்து நின்னு கைதட்டுவாங்க."

"அப்படி நடக்காது."

"படம் சார் இது."

"படத்திலும் நடக்காது. அவளை யார் வெளியே அனுப்புவது? வீட்டு உறுதிப் பத்திரத்தில் அவள் பெயர் இருக்கிறது. அவளுடைய வாப்பா கட்டிய..."

மணி அடித்தது.

பாதி வாக்கியத்தில் என்னை நிறுத்தியவர்கள் முன்பும் இருந்தார்கள். காவலரணில் துவக்கோடு நின்றவர் நிறுத்தியிருக்கிறார். அமைச்சரின் செயலாளர் நிறுத்தியிருக்கிறார். அவர்களுக்குக் குறைந்தது நான் சொல்ல வந்தது பிடிக்கவில்லை. மண்டபத்தில் அப்படியும் இல்லை, மச்சான். நேரம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். தயாரிப்பாளர் புன்னகைத்தார், எனக்குப் பின்னால் அடுத்த மஞ்சள் நாடா வந்து நின்றது.

கதையைப் பையில் போட்டுக்கொண்டு நேரே வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கு கையைப் பிடித்தது. உதவியாளரிடம் பிரதியைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். தெரிவானது அந்தப் பிரதிதான்.

அங்கிருந்து பரீதாவின் வீட்டுக்குப் போனேன். என் கோபத்துக்கு ஒரு துணை தேவைப்பட்டது. அவள் கிணற்றடியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன காக்கா கழுத்துல?"

அட்டையைக் கழற்ற மறந்திருந்தேன். ஈரக்கையோடு எட்டிப் பிடித்து வாசித்தாள்.

"வளர்ந்துவரும்... இனி எங்க காக்கா வளரப் போறீங்க?"

நடந்ததைச் சொன்னேன். பெண்ணை வீட்டிலிருந்து வெளியே போடச் சொல்கிறார்கள் என்றதும் கத்தியைக் கீழே வைத்தாள். "ஆர் வீட்டுல ஆரு ஆரைப் போடுற? அவன்ட உம்மாட வீட்டுல போய்ப் போடச் சொல்லுங்க." எனக்கு ஆறுதலாக இருந்தது. அடுத்த கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"ஆமா, அது என்ன கதை? ஆர்ட கதை?"

அவளுக்குத் தெரியாது, றபீக். இத்தனை காலமாக நாம் எழுதியது அவளுக்குத் தெரியாது. உங்கள் பிரிவைப் பற்றி நான் இருவரிடமும் எதையும் கேட்டதில்லை; நீ சொன்னதைக் கேட்டேன், அவள் சொல்லாததை விட்டுவிட்டேன். ஒரு வாய்க்கால் சண்டையைக்கூட ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதாதவன் நான்.

பையிலிருந்த மற்றப் பிரதியை எடுத்து அந்தக் காட்சியை வாசித்தேன். பூனை ஒன்று மீன் சட்டிக்குக் கிட்டே வந்தது, அவள் அதை விரட்டவில்லை. முடிந்ததும் கேட்டாள்.

"தாழ்ப்பாள் போட்ட ஆரு?"

"நீ. றபீக் அப்படித்தான் எழுதினான்."

"அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே இருக்கல்ல காக்கா. ஒண்டு வாங்கிப் பூட்டித்தாங்க எண்டு அவரிட்ட எத்தின தரம் சொன்ன. கதிரையை அணைச்சு வெச்சிட்டுத்தான் நாங்க படுக்கிற."

எழுந்து போய்ப் பார்த்தேன். நிலையில் தாழ்ப்பாள் இருக்கிறது, புதியது. உன் மூத்த மகளின் கலியாணத்துக்கு வீடு திருத்தியபோது போட்டதாம். மரத்தில் அதற்கு முந்திய ஆணித் துளை ஒன்றும் இல்லை. விரலால் தடவியும் பார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"சரி. கதவைச் சாத்தினாயா?"

"சாத்தல்ல. நான் முற்றத்துலதான் நிண்ட. முடிச்சு ரெண்டுதரம் அவிண்டது சரி. அந்த மனிசனுக்கு எப்ப முடிச்சுப் போடத் தெரிஞ்ச? கடைசியில நான்தான் போய் உடுப்புக் காயப்போடுற கொடியை அவுத்துக்கொண்டு வந்து கட்டின. கழுத்துல ஒரு சுத்து, அடியில ஒரு சுத்து. அவர் மோட்டார் சைக்கிளைப் புடிச்சிக்கிட்டு நிண்டார்."

"நீயா கட்டின?"

"வேற ஆரு? தெருவுல விழுந்தா ஊர் சிரிக்குமே."

"ஒண்டும் கதைக்கல்லியா?"

"கதைச்ச. 'வயர் பின் சில்லுக்குள்ள போயிரும், மெல்லமாப் போங்க' எண்டு சொன்ன."

"அவன்?"

"'ஓம்' எண்டார்." மீன் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அதுக்குப் பொறகு நாங்க ரெண்டு பேரும் கதைக்கல்ல. அவர் மௌத்தாகும் வரைக்கும் கதைக்கல்ல."

இப்போது உன் மீதான கோபத்துக்கு வருகிறேன்.

நீ படம்பிடித்து வாழ்ந்தவன். சட்டகத்துக்குள் யார் நிற்க வேண்டும், யாரைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும் என்பதில் உனக்குத் தவறே வராது. பெண்ணின் மாமியை ஒருபுறம் விலக்கிவிட்டு, பெண்ணை மட்டும் எடுப்பாய். விலக்கப்பட்டதே அந்த அம்மாளுக்குத் தெரியாது. பரீதாவையும் அப்படித்தான் விலக்கினாயா? தயாரிப்பாளர் அவளை வீட்டிலிருந்து வெளியே போடச் சொல்கிறார். நீ அவளைக் காட்சியிலிருந்து வெளியே போட்டுவிட்டாய். இல்லாத தாழ்ப்பாள் ஒன்றையும் செய்துவைத்தாய். மழையும் குழந்தையும் கேட்டவரை நான் எந்த முகத்தோடு திட்டுவது?

ஏன் என்று எனக்குத் தெரியாது. வெட்கமா? சாத்திய கதவைவிட்டுப் போவது, கயிறு கட்டித் தந்தவளைவிட்டுப் போவதைவிட இலகுவா? இல்லை, அந்தக் கயிற்றைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அதன் பிறகு வேறெதையும் எழுத முடியாமல் போயிருக்குமா? பரீதாவிடம் கேட்டேன். "அவரிட்ட கேட்டிருக்கணும். என்னட்டக் கேக்கிறீங்க" என்றாள்.

நான் புறப்படும்போது சொன்னாள்: "படம் எடுக்கிறெண்டா கட்டினதையும் எடுங்க. நான் நல்லவ எண்டு காட்டுறத்துக்கு இல்ல. எனக்கு அண்டைக்கு அவரில சரியான கோவம். கோவத்தோடதான் கட்டின. அதையும் போடுங்க. போடேலாட்டி எடுக்க வேணாம். பேரப்புள்ளைகள் பார்க்கும்."

ஓம், உனக்குப் பேரன் பிறந்திருக்கிறான். மூத்தவளின் மகன். அந்த வீட்டில்தான் தவழ்கிறான். வேறு செய்திகள் சிறியவை. உன் கடையில் இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். கலியாணங்களை வானத்திலிருந்து எடுக்கிறார்கள். மாப்பிள்ளையின் வழுக்கை நன்றாகத் தெரிகிறது.

மருதமுனைக்கு வந்து காட்சியைத் திருத்தி எழுதினேன். கதவு திறந்தபடி இருக்கிறது. அவள் கொடியை அவிழ்க்கிறாள். காயாத உடுப்புகளைத் தோளில் போட்டுக்கொள்கிறாள். அவன் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறுக்கிக் கட்டுகிறாள். வயரைப் பற்றிய அந்த வார்த்தை. அவனுடைய ஓம். பிறகுதான் தெருவும் ஆட்களின் கேள்விகளும். எழுதி முடித்ததும் எனக்குப் புரிந்தது, றபீக்: நீ தெருவில் சொன்ன அந்தப் பொய்க்கு இப்போதுதான் ஒரு கனம் வந்திருக்கிறது. முன்பு அது வெறும் பகிடி.

காட்சியைத் தயாரிப்பாளருக்கு அனுப்பினேன். இன்று உதவியாளர் அழைத்தபோது, அதை வாசித்தார்களா என்பதுதான் என் முதற்கேள்வி.

"சேர் இன்னும் அதைப் பார்க்கல்ல. முதல் பிரதியில முடிவெடுத்திட்டார். நிபந்தனையில மாற்றமில்ல." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஒரு காட்சிதானே சேர். மாத்திக் குடுத்தா முடிஞ்சுது. உங்கட கூட்டாளிட பெயர் திரையில வரும்."

அந்தப் பிள்ளை நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். உன் பெயர் திரையில் வருவது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. உன் ஜனாஸா எந்த வீட்டிலிருந்து போவது என்று நாங்கள் குழம்பி நின்றோம். கடைசியில் உன் தங்கையின் வீட்டிலிருந்து எடுத்தோம். உனக்கென்று ஒரு வாசல் இல்லாத ஊரில், ஒரு படத்தின் முதலில் உன் பெயர் நின்றால் போதும் என்று நான் பல நாள் நினைத்திருக்கிறேன். அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் இடையில் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பதில் எழுதினேன். அது நீளமில்லை. மனைவியை வெளியே அனுப்பும் காட்சியை நான் எழுதமாட்டேன், வேறொருவர் எழுதவும் சம்மதிக்கமாட்டேன். முதல் பிரதியிலுள்ள காட்சியும் நடந்ததற்கு மாறானது, அதையும் மீளப் பெறுகிறேன். அனுப்பியிருக்கும் புதிய காட்சியை வாசித்துவிட்டு முடிவைச் சொல்லுங்கள். உன் பெயரையும் சேர்த்துத்தான் ஒப்பமிட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. நீ பரீதாவிடம் கேட்டா எழுதினாய்?

பதில் கிடைத்ததாக உதவியாளர் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறாள். தயாரிப்பாளர் இப்போது சென்னையில் இருக்கிறாராம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் முடிவைத் தருவார் என்று அவள் சொல்கிறாள். அவள் அப்படிச் சொன்னதை மட்டுமே என்னால் உறுதிப்படுத்த முடியும். தருவார் என்பதை அல்ல. புதிய காட்சி வாசிக்கப்படுமா என்பதும் தெரியவில்லை. கதையை எங்களை விட்டுவிட்டு வேறொரு பெயரில் எடுப்பார்களா என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

ஒன்றுக்கு மட்டும் நான் பொறுப்பு. வெள்ளிக்கிழமை என்ன வந்தாலும், வராமலே போனாலும், ஜும்ஆ முடிந்ததும் முதலில் கல்முனைக்குடிக்குப் போய்ப் பரீதாவிடம் சொல்வேன். மையவாடிக்கு அதன் பிறகுதான் வருவேன். இந்தக் கதையில் இனி எந்தச் செய்தியும் உனக்கு இரண்டாவதாகத்தான் கிடைக்கும். பொறுத்துக்கொள்.

உன் பிள்ளைகளின் மாமாவும்
பரீதாவின் காக்காவுமான
உன் மச்சான்